பதின்மூன்றாவது உருண்டைக்கு இடமில்லை

சென்ற ஆடி மாதம் இலஞ்சியிலிருந்து தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு அந்தச் செய்தி வந்தது. கண்டக்டர் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் தரும்போது குனிந்து சொன்னான்: "சார், விஷயம் தெரியுமா? நம்ம உருண்டை சார்வாள் காலைல போயிட்டாரு."

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "உருண்டை சாரா? என்னலே பேரு இது!" என்று சிரித்தார். கண்டக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அவர் பெயர் ஆவுடையப்பன்" என்றேன்.

"அப்படியா சார்? எங்களுக்கு அந்தப் பேருதான் தெரியும்" என்றான். மூன்று வருஷம் அவரிடம் கணக்குப் படித்தவன்.

பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அமைதியானவர், கடமை தவறாதவர், மாணவர்களிடம் அன்பு கொண்டவர் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படி எழுதினால் அது நான் அவரைப் பற்றி எழுதும் இரண்டாவது பொய்யாக இருக்கும். அவரோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்னும் இருக்கிறோம். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். மலரில் போடாவிட்டால் கையெழுத்துப் பிரதியாகவே உங்களுக்கு அனுப்புவேன். முக்கியமாக, பிச்சையா, நீர் இதைப் படிக்க வேண்டும்.

ஆவுடையப்பன் கடையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கு ஆசிரியர். நான் இங்கிலீஷ் ஆசிரியன். ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தோம். அவர் வளர்த்தியான ஆள். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் அவன் தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார். அதைப் பற்றியும் நாம் கேலி பேசியிருக்கிறோம்.

அந்த உருண்டைகளைப் பற்றி அவர் என்னிடம் முதலில் பேசியது குற்றாலத்தில். சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்கள் எல்லாரும் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தோம். மைதீன் பாய் தன் பழக்கடையில் எலுமிச்சம்பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கீழ் வரிசையில் பழங்களை நெருக்கி வைத்து, மூன்று பழம் சேருகிற இடத்தில் உண்டாகும் குழிக்குள் மேல் வரிசைப் பழத்தை உட்காரவைத்து, கோபுரம் போல. ஆவுடையப்பன் நின்றுவிட்டார்.

"பாய், ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா வெச்சா என்ன?"

"நிக்காது சார். உருண்டு ரோட்டுக்கு வந்துரும்."

"பெட்டிக்குள்ள வெச்சா நிக்கும்லா?"

"நிக்கும். ஆனா கொள்ளாது. கொல்லத்துக்குப் பெட்டி அனுப்புதோம்லா, நேரா வெச்சா பாதிப் பெட்டி காத்துதான் போகும்."

"இதைவிட நெருக்கமா அடுக்க முடியுமா?"

"முடியாது."

"எப்படித் தெரியும்?"

"எங்க வாப்பா காலத்துலேருந்து அடுக்குதோம் சார்" என்றார் பாய்.

ஆவுடையப்பன் சந்தோஷமாக என் தோளில் தட்டினார். "கேட்டீரா வே? உலகத்துல இருக்கப்பட்ட கணக்கு அறிஞர்களுக்கெல்லாம் இந்தப் பாய்க்குத் தெரிஞ்சதுதான் தெரியும். அதுக்கு மேல ஒருத்தனுக்கும் தெரியாது."

அவர் அன்று சொன்னதை இப்போது என்னால் தெளிவாகச் சொல்ல முடியும். ஒரு பெரிய பெட்டியை ஒரே அளவுள்ள உருண்டைகளால் நிரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படி வைத்தாலும் இடையில் சந்து விழும். ஒன்றின்மேல் ஒன்றாக நேரே அடுக்கினால் பெட்டியில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பங்குதான் உருண்டை, மிச்சம் காற்று. பாய் அடுக்குகிற மாதிரி குழிக்குள் உட்காரவைத்தால் நூற்றுக்கு எழுபத்து நாலு பங்கு உருண்டை. இதைத் தாண்ட முடியுமா என்பதுதான் கேள்வி. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ஜெர்மானிய வானியல் அறிஞர் முடியாது என்று எழுதி வைத்தார். ஏன் முடியாது என்று அவர் காட்டவில்லை. அவருக்குப் பின் வந்த யாரும் இன்றுவரை அதைத் தாண்டிக் காட்டவும் இல்லை, தாண்ட முடியாது என்று நிரூபிக்கவும் இல்லை. பழக்கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைக் கணக்கு அறிஞர்களால் நிரூபிக்க முடியவில்லை.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில் என் முன்னால் ஒரு காலணாவை வைத்தார். அதைச் சுற்றிக் காலணாக்களை ஒட்டி ஒட்டி வைத்தார். சரியாக ஆறு காசு உட்கார்ந்தது. ஏழாவதற்கு இடம் இல்லை. ஆறு காசுக்கும் அசைய இடம் இல்லை. "இது தரை" என்றார். "இப்போ உருண்டைக்கு வாரும். நடுவுல ஒரு உருண்டை. அதைத் தொட்டுக்கிட்டு எத்தனை உருண்டை சுத்தி நிக்கும்? பன்னெண்டு. ஆனா பன்னெண்டு நின்ன பிறகும் நடு நடுவே சந்து இருக்கும். இன்னொண்ணைச் சொருகிரலாம் போலத் தோணும். சொருக முடியாது. இங்கிலாந்துல ரெண்டு பெரிய மனுஷங்க பன்னெண்டா பதின்மூணான்னு பேசி முடிவே கட்டாமப் போயிட்டாங்க. பன்னெண்டுதான்னு நம்ம காலத்துலதான் தீந்திருக்கு." பிறகு காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "தரையில கடவுள் அளவெடுத்துத் தச்சிருக்காரு வே. ஆகாயத்துல கொஞ்சம் தொளதொளன்னு தச்சுட்டாரு."

நான் தலையாட்டினேன். மணி அடித்ததும் எழுந்து போய்விட்டேன்.

நாலு வருஷம் அவர் அந்தக் கணக்கைப் போட்டார். பாயின் அடுக்கை எதனாலும் தாண்ட முடியாது என்பதற்கு நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நிரூபணம் எழுதினார். அணாவும் நயா பைசாவும் சேர்ந்து புழங்கிய காலம் அது. ஒரு நாள் அந்த நீள நோட்டை என்னிடம் கொடுத்து, "கணக்கை நான் பாத்துக்கிட்டேன். இங்கிலீஷை நீரு பாரும்" என்றார். ஒரு மாதம் வைத்திருந்தேன். பால்பாயிண்ட் பேனா அப்போதுதான் வந்திருந்தது. சிவப்பு மையில் இலக்கணத்தைத் திருத்தினேன். ஒரு வரியைக்கூட என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை. கணக்கு நோட்டு திருத்துகிற இங்கிலீஷ் வாத்தியார் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

திருப்பிக் கொடுத்தபோது கேட்டார்: "எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு இடம் எனக்கே கொஞ்சம் உறுத்துது. படிக்கும்போது உமக்கு அங்கன தடுக்குச்சா?"

"தடுக்கவே இல்ல வே. ஆத்துல தண்ணி ஓடுத மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் அதைப் படியெடுத்து இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியருக்கு அனுப்பினார். நோட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குப் பியூன் தபால் கட்டைக் கொண்டுவரும்போது எழுந்து நிற்பார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். அவர் எழுந்து நிற்பதும் உட்காருவதும் நமக்கு ஒரு வேடிக்கை ஆயிற்று. நாற்காலி கிரீச்சிடும் சத்தத்தைப் பிச்சையா வாயால் செய்து காட்டுவார், நாம் சிரிப்போம்.

பிச்சையா அப்போது சரித்திர ஆசிரியர். உதவித் தலைமையாசிரியர் பதவி காலியாக இருந்தது. ஆவுடையப்பன் பணியில் மூத்தவர், பிச்சையா அடுத்தவர். இது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் பிச்சையா என்னைத் தனியே கூப்பிட்டு, "சார்வாளுக்கு ஒரு பதில் வந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டபோது, அந்தப் பதவியையும் இந்தக் கேள்வியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க விரும்பவில்லை என்பதே சரி.

கடிதத்தை என் வீட்டுத் தட்டச்சு மிஷினில் நானே அடித்தேன். ஒரு ஆங்கிலப் பெயரை உண்டாக்கி, அந்தப் பல்கலைக்கழகத்திலேயே அவரை ஒரு பேராசிரியர் ஆக்கினேன். உங்கள் நிரூபணம் எனக்குக் கொடுக்கப்பட்டது, குற்றமில்லாதது, மூன்று நூற்றாண்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டீர்கள், விரைவில் அச்சாகும் என்று எழுதினேன். நல்ல இங்கிலீஷ். இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு பிழை காண முடியாது. தபால்தலை சேர்க்கிற ஒருவரிடம் முத்திரை விழுந்த இங்கிலாந்துத் தலை ஒன்று வாங்கி உறையில் ஒட்டினோம். பியூனின் தபால் கட்டுக்குள் பிச்சையா அதைச் சொருகினார்.

ஆவுடையப்பன் உறையைக் கத்தரியால் ஓரமாக வெட்டித் திறந்தார். நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "உம்மாலதான் வே" என்றார். "இங்கிலீஷ் சரியா இல்லேன்னா அந்த ஆளு முதப் பக்கத்தோட தூக்கிப் போட்டிருப்பான்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் பிச்சையா குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல் இருந்தார். முதுகு குலுங்கியது.

பாராட்டு விழா வைக்கலாம் என்று சொன்னவர் பிச்சையாதான். பள்ளிக்கூட மண்டபம், மாலை, ஒலிபெருக்கி, நிர்வாகக் குழுவினர், பெற்றோர்கள். விழாவின் நடுவில் உண்மையைச் சொல்லி எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டு வடை காப்பி சாப்பிடலாம் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட திட்டம். சார்வாளும் சேர்ந்து சிரிப்பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

விழாவில் காட்டுவதற்காக ஆவுடையப்பன் கடைசல் பட்டறையில் எலுமிச்சம்பழ அளவில் பதின்மூன்று மரப்பந்துகள் செய்து வாங்கியிருந்தார். நடுவில் ஒன்று, சுற்றிப் பன்னிரண்டு, மெழுகு வைத்து ஒட்டியது. அதைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். மாலை கழுத்தில் இருந்தது. பேச ஆரம்பித்தார்.

"நாலு நாளைக்கு முன்னாடி வீட்ல உட்காந்து இதை ஒட்டிக்கிட்டிருந்தேன். நடு உருண்டையைச் சுத்திப் பன்னெண்டு உருண்டை ரெண்டே ரெண்டு விதமாத்தான் நிக்க முடியும்னு என் நிரூபணத்துல நாப்பத்தொண்ணாம் பக்கத்துல எழுதியிருக்கேன். அதுக்கு மேல உள்ளதெல்லாம் அந்த ஒரு வரி மேலதான் நிக்குது. இப்போ பாருங்க." விரலால் ஒரு பந்தைத் தள்ளினார். மெழுகு இளகிப் பந்து நகர்ந்தது. மற்றவையும் நகர்ந்து அதற்கு வழிவிட்டன. பன்னிரண்டும் நடுப்பந்தைத் தொட்டுக்கொண்டே வேறு விதமாக நின்றன. "ரெண்டு விதம் இல்ல. கணக்கில்லாத விதம். நான் எழுதினது தப்பு. பேராசிரியரும் அதைக் கவனிக்கல. நேத்து அவருக்கு ஏர்மெயில்ல எழுதிட்டேன். என் நிரூபணத்தை அச்சடிக்க வேண்டாம், உங்க பாராட்டைத் திருப்பி எடுத்துக்கோங்கன்னு. இந்த மாலைக்கும் எனக்கு உரிமை இல்ல. வந்தவங்க மன்னிக்கணும்."

நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர் மெல்லத் தலையாட்டினார், மரியாதையோடு. அது அங்கேயே முடிந்திருக்கலாம்.

பிச்சையா, நீர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தீர். "சார்வாள், ஏர்மெயில் காசு வீணாப் போச்சே வே! அப்படி ஒரு புரபசரே கிடையாது!" என்றீர். சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தின் கார்பன் நகலை எடுத்து வாசித்தீர். பின் வரிசையில் பையன்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு பெற்றோர்கள். கடைசியில் அந்தப் பெரியவரும். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்கிறவனைத்தான் அவர் பார்ப்பார் என்று பயந்து சிரித்தேன்.

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பந்துகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். ஒன்று கைதவறி மேடையிலிருந்து உருண்டு கீழே போயிற்று. பையன்கள் அதை எடுத்து ஒருவனுக்கொருவன் எறிந்து விளையாடினார்கள். அவர் மேடையின் ஓரத்தில், அது திரும்பி வரும் என்று கையை நீட்டியபடி சிறிது நேரம் நின்றார். வரவில்லை. பன்னிரண்டு பந்துகளோடு வீட்டுக்குப் போனார்.

பள்ளிக்கூடத்தைச் சிரிப்புக்கு இடமாக்கியவரை உதவித் தலைமையாசிரியர் ஆக்க முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பிச்சையாவுக்குப் பதவி கிடைத்தது. ஆவுடையப்பனை மேல் வகுப்புகளிலிருந்து எடுத்து ஆறாம், ஏழாம் வகுப்புக்குப் போட்டார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து கோலிக்குண்டு உருண்டு வரும். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து எடுப்பார், பையில் போட்டுக்கொள்வார், மீண்டும் எழுதுவார். யாரையும் அடித்ததில்லை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது அவர் சட்டைப்பை கனத்துத் தொங்கும். ஆசிரியர் அறையில் அதற்கும் ஒரு சிரிப்பு இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதினொரு மணித் தபாலில் இன்னொரு வெளிநாட்டு உறை வந்தது. பியூன் அதை அவர் மேசையில் வைத்தான். ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். எங்களைச் சுற்றிப் பார்த்தார். சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "போதும் வே. ஒரு தடவைக்கு மேல இதுல ருசி இருக்காது" என்றார். பிரிக்காமலே உறையை நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

அன்று சாயங்காலம் வாசலில் பிச்சையா என்னைப் பிடித்தார். "ரெண்டாவது வேறயா? என்கிட்ட சொல்லாம செஞ்சுட்டீரே வே."

"நான் எழுதலியே. நீருதான்னு நெனச்சேன்."

இருவரும் ஆசிரியர் அறைக்கு ஓடினோம். அந்த ஒரு நாள்தான் பிச்சையா ஓடி நான் பார்த்திருக்கிறேன். குப்பைக்கூடை காலியாக இருந்தது. கொல்லையில் பெருக்குகிறவள் சருகோடு சேர்த்து எரித்துக்கொண்டிருந்தாள். கம்பால் கிளறினோம். எரியாத காகிதத் துண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றீர் பிச்சையா. நான் சரி என்றேன்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஆவுடையப்பன் என் வீட்டுக்கு வந்தார். கையில் அவர் அந்தக் கற்பனைப் பேராசிரியருக்கு எழுதிய கடிதம். அப்படி ஒருவர் இல்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை என்னிடம் நீட்டினார்.

"இது உமக்கு எழுதினது. படியும்."

"எனக்கா?"

"இங்கன தட்டச்சு மிஷின் வெச்சிருக்கது ரெண்டு பேரு. ஒருத்தர் வக்கீல் குமாஸ்தா. அவருக்கு இவ்வளவு இங்கிலீஷ் வராது."

நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொய் எழுதினீரு. போகட்டும். ஒரு மாசம் என் நோட்டு உம்ம வீட்ல இருந்துச்சு. தடுக்குச்சான்னு கேட்டேன், தண்ணி மாதிரி ஓடுதுன்னீரு. ஒரு தடவை படிச்சிட்டு, 'எனக்குப் புரியல வே, இங்கன என்ன சொல்லுதீரு'ன்னு கேட்டிருந்தா, பதில் சொல்லப் பாத்திருப்பேன். சொல்ல வராது. அப்பவே தப்பு தெரிஞ்சிருக்கும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "நான் கிழிச்சுப் போட்டேனே ரெண்டாவது கடுதாசி, அதுவும் நீருதானா?"

அது நிஜமான கடிதம் என்று சொன்னால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று யோசித்தேன். இரக்கம் என்று அதற்கு அப்போது பெயர் வைத்துக்கொண்டேன்.

"ஆமா" என்றேன்.

"அப்படியா" என்றார். என் தோளுக்கு மேலே பார்த்தார். "அடுத்த சனிக்கிழமைலேருந்து வீட்டுக்கு வாரும். கணக்கு சொல்லித் தாரேன்."

ஒன்பது வருஷம் போனேன். சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை. நாற்பது வயதுக்கு மேல் எனக்கு வடிவியல் முதலிலிருந்து தொடங்கியது. தப்பாகப் போட்டால், "பொய் எழுதும்போது இருந்த வேகம் இப்போ எங்க போச்சு வே?" என்பார். அதை நட்பான கேலி என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு நாளும் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் தந்ததில்லை. மறதிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய நோட்டின் முதல் நாற்பது பக்கத்தை முடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. பதின்மூன்றாவது உருண்டைக்கு ஏன் இடமில்லை என்பதை அந்த நாற்பது பக்கத்தில் அவர் தனியாகவே நிரூபித்திருந்தார். பத்தாம் வகுப்பில் சொல்லித் தருகிற கோணங்களும் முக்கோணங்களும் மட்டும்தான். அந்தப் பகுதியில் தப்பே இல்லை. பிறகு நாற்பத்தோராம் பக்கம் வந்தது. பன்னிரண்டு உருண்டைகளை மேலே ஒன்று, அதன் கீழே ஐந்து, அதன் கீழே ஐந்து, அடியில் ஒன்று என்று நிறுத்தினால், அவை நடு உருண்டையைத் தொடும், ஒன்றையொன்று தொடாது. அந்த ஒரு உருண்டையைச் சுற்றி மட்டும் அளந்தால் மைதீன் பாயின் அடுக்கைவிட அது நெருக்கம். ஆனால் அதே விதமாக அடுக்கிக்கொண்டே போக முடியாது. அடுத்தடுத்த இடங்களில் பெரிய சந்துகள் விழும். ஓரிடத்தில் கிடைக்கும் லாபம் எப்போதும் பக்கத்தில் நஷ்டமாகிவிடும் என்று காட்டியாக வேண்டும். உலகம் முட்டிக்கொண்டு நிற்பது அந்த இடத்தில்தான். அவரும் அதே இடத்தில்தான் முட்டினார்.

இடையில் ஒரு சாரல் காலத்தில் அவரோடு குற்றாலம் போனேன். மைதீன் பாய்க்கு முடி முழுக்க நரைத்திருந்தது. "சார், என் அடுக்கைத் தாண்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

"உம்மைத் தாண்ட முடியாதுன்னு காட்டத்தான் பாத்தேன் பாய். முடியல."

"எனக்காகவா இவ்வளவு கஷ்டம்?" என்று பாய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். அவரை உருண்டை சார் என்று கூப்பிடாதவர்களில் எனக்குத் தெரிந்து பாய் ஒருவர்.

ஆவுடையப்பன் இறந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செண்பகம் மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"சனிக்கிழமை தவறாம வந்தீங்க அண்ணாச்சி. வேற யாரும் வரல" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் கண் கலங்கியதைப் பார்த்துத்தானோ என்னவோ, தொடர்ந்து சொன்னார்: "ரெண்டாவது கடுதாசி நெசமான கடுதாசின்னு அவுகளுக்குத் தெரியும்."

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"கிழிச்ச மறுநாளே தபாலாபீசுல போய்க் கேட்டாக. சீமையிலேருந்து பையில வந்ததுதான்னு சொல்லிட்டாங்க. மொதக் கடுதாசி அவங்க வழியா வரவே இல்லேன்னும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ராத்திரி வரைக்கும் கையைப் பாத்துக்கிட்டே உட்காந்திருந்தாக."

"அப்போ என்கிட்ட ஏன் மதினி கேட்டாரு?"

"நீங்க நெசத்தைச் சொல்லுதீகளான்னு பாக்க. 'இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன் செண்பகம்'னாக."

"பிறகு ஏன் வரச் சொன்னாரு? ஒன்பது வருஷம்!"

கோபமே இல்லாமல், யாரோ சொல்லி அனுப்பியதை ஒப்பிப்பது போல் சொன்னார்: "'அந்த ஆளுக்குக் கணக்குத் தெரியாது. அதனால என்ன செஞ்சோம்னே அவருக்குத் தெரியல. முழுசாத் தெரியணும்னா கணக்கு தெரியணும்லா. சொல்லிக் குடுக்கேன்'னாக."

நான் கேட்டேன்: "அவரு என்னை மன்னிச்சாரா?"

"அதை என்கிட்ட சொல்லல அண்ணாச்சி."

நோட்டைக் கேட்டேன். அவர் சொன்னபடி அவரோடு சேர்த்து எரித்தாயிற்று என்றார். வந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்று அந்த நிஜப் பேராசிரியருக்கு ஒரு வரி எழுத அவருக்குக் கடைசிவரை மனம் ஒப்பவில்லையாம். வீட்டுக்கு வந்து நானே எழுதினேன், அவர் அனுப்பிய பிரதி அங்கே இருக்கிறதா என்று கேட்டு. இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்பத்தோராம் பக்கத்துத் தப்பைச் சொல்லியிருக்கலாம். அதற்கு முந்தைய பக்கங்கள் மிக நல்லவை, அங்கிருந்து மேலே போங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். அவை நல்ல பக்கங்கள் என்று நானாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு அந்தக் கடிதத்துக்குப் போய்விடுமோ என்று ஒன்பது வருஷமும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த நாற்பது பக்கமும் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அழித்து அழித்துப் போட வைத்திருக்கிறார். ஒரு வரி மறக்கவில்லை. ஆவுடையப்பனிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான். உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எழுதிவிடுவேன், மேலே அவர் பெயரைப் போட்டு. ஆனால் அதை எழுதியவர் அவர்தான் என்பதற்கு நான் மட்டுமே சாட்சி. இந்த ஊரில் இங்கிலீஷில் ஒரு கணக்குக் கடிதத்தை நான் தட்டச்சு செய்து கொடுத்தால் நம்புகிற ஆள் யார் இருக்கிறார்கள்? பிச்சையா, நீரே நம்ப மாட்டீர்.